உப்புக்காற்றில் ஒரு பழைய விடெக்

கேள்வி: 2001-ல் பதிவான ஹோண்டா சிட்டி 1.5 விடெக் ஒன்றைப் போன வருஷம் ஆசைப்பட்டு வாங்கினேன். வீடு குளச்சலில், கடலுக்கு மிக அருகில். எனக்கு வேலை ஷார்ஜாவில். வருஷத்தில் ஒன்றிரண்டு மாதம்தான் ஊரில் இருப்பேன். மற்ற நாட்களில் அப்பா வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுவார். இப்போது கதவுக்குக் கீழே துரு தெரிகிறது. பின் சக்கரம் சில சமயம் பிடித்துக்கொள்கிறது. மதிய வெயிலில் நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆவதில்லை. எஞ்சினைப் பிரித்து முழுசாகச் செய்துவிடலாம் என்று மெக்கானிக் ஒன்றரை லட்சம் கேட்கிறார். செய்யலாமா? இன்னொன்று: ஷார்ஜாவில் ஒரு பழைய மஸ்தா எம்.எக்ஸ்-5 விலைக்கு வருகிறது. அதை ஊருக்குக் கொண்டுவர வழி உண்டா?

பதில்: எஞ்சினைத் தொட வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்று கோளாறில் ஒன்றுகூட எஞ்சினுக்குள்ளிருந்து வருவதல்ல. புகை இல்லை, ஆயில் குறையவில்லை, சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்டில் நான்கு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டுகிறது என்றால், அந்த ஒன்றரை லட்சத்தில் பெரும்பங்கைத் தகரத்துக்குச் செலவழியுங்கள். இந்தக் காருக்கு எஞ்சின் போனால் சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் தேடியாவது இன்னொன்று எடுத்துவிடலாம். அடித்தகரம் அரித்துப்போன பாடிக்கு மாற்று பாடி எங்கும் கிடைக்காது.

டொயோட்டா சூப்ராவும் நிசான் ஸ்கைலைனும் நம் ஷோரூம்களுக்கு வராத காலத்தில், 2000 முதல் 2003 வரை விற்ற இந்த 106 குதிரைசக்தி சிட்டிதான் இங்கே பலருக்கும் ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார். நான்கு கதவு செடான்தானே என்று சொல்பவர்கள் சொல்லட்டும். எடை ஏறக்குறைய ஒரு டன். அதற்குப் பின் வந்த சிட்டி 77 குதிரைசக்தியோடு வந்தபோதுதான் பழையதன் அருமை பலருக்குத் தெரிந்தது. நீங்கள் வாங்கியது தவறில்லை, நிறுத்தியிருக்கும் இடம்தான் சிக்கல்.

கடலோரத்துக் காரில் மழை நனைத்து வரும் துருவைவிட, மழையே இல்லாமல் வரும் துருதான் அதிகம். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், தகரத்தில் படிந்த உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையும். குளச்சலில் இரவு நேரத்தில் அந்த அளவைத் தொடாத நாள் அபூர்வம். அதாவது, ஷெட்டுக்குள் பத்திரமாக நிற்கிறது என்று நீங்கள் நினைக்கும் கார், ஒவ்வொரு ராத்திரியும் உப்புத்தண்ணீரில் நனைந்துகொண்டிருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிக்கும்போது இது இன்னும் மோசம். அப்புறம் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் நம்முடைய கன்னியாகுமரி. தோட்டத்துக்கு நல்லது, தகரத்துக்கு அல்ல.

ஆகவே கழுவுவதுதான் முதல் வைத்தியம், அதுவும் அடிப்பாகத்தை. ஆனால் எந்தத் தண்ணீரில்? கடலோரத்தில் பல வீடுகளில் கிணற்றுத் தண்ணீரே உப்பு. சோப்பு நுரைக்கவில்லை, வாயில் வைத்தால் கரிக்கிறது என்றால் அந்தத் தண்ணீரைக் காரில் ஊற்றக் கூடாது. குடிதண்ணீர்க் குழாயில் பிடித்து வைத்துக் கழுவுங்கள், இல்லையென்றால் திங்கள்சந்தை, தக்கலைப் பக்கம் உள்ள வாட்டர் சர்வீஸில் விடுங்கள். ரேடியேட்டருக்கும் இதே கதைதான். அவசரத்துக்கு ஊற்றிய உப்புத்தண்ணீர் அலுமினியத்தை உள்ளேயிருந்தே தின்னும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டியை நம் டிங்கர்கள் ரன்னிங் போர்டு என்பார்கள். காரின் பலமே அதில்தான் இருக்கிறது, துரு முதலில் பிடிப்பதும் அங்கேதான். வெளியே ஒரு ரூபாய் அளவு கொப்புளம் தெரிந்தால் உள்ளே கை அளவுக்குப் போயிருக்கும். ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் அடிவரிசை முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகரம் கணீரென்று கேட்கும், அரித்த இடத்தில் சத்தம் மொத்தையாக இருக்கும். மெல்லிய துணியில் சுற்றிய ஒரு காந்தத்தையும் ஓட்டிப் பாருங்கள். காந்தம் பிடிக்காமல் நழுவும் இடத்தில், முன்பு வைத்திருந்தவர் பட்டி போட்டு மூடி உங்களுக்கு விற்றிருக்கிறார் என்று அர்த்தம்.

கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் இருக்கும். தூசி அடைத்துக்கொண்டால் கதவுக்குள் தண்ணீர் தேங்கும். ஒரு தென்னை ஈர்க்கில் போதும், ஒவ்வொன்றிலும் விட்டு எடுங்கள்; கறுப்புச் சேறு வடிந்தால், கதவு உள்ளேயிருந்து அரிப்பது எதனால் என்று புரிந்துவிடும். முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தில் சேரும் மாவிலையையும் பலா இலையையும் அள்ளிவிடுங்கள். டிக்கியில் ஸ்டெப்னி டயரைத் தூக்கி அதன் அடியைப் பாருங்கள். பின் சக்கர வளைவின் உள்மடிப்பை விரலால் தடவிப் பாருங்கள்.

அரித்த இடத்தை வெட்டி எடுத்து, புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்து, எபாக்ஸி பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு, பெட்டியின் உட்புறத்துக்கு நீளக்குழாய் மூலம் கேவிட்டி வேக்ஸ் என்ற துருத்தடுப்பு மெழுகைப் பீய்ச்ச வேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெளியே எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் உள்சுவர் வெறுந்தகரம்தான். ஏப்ரல், மே மாதத்தில், மழைக்கு முன் செய்வது நல்லது. துருவின் மேலேயே கறுப்பு ரப்பர் கோட்டிங் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அது ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும் வேலை. வேஸ்ட் ஆயில் பூசுவதும் வேண்டாம், ரப்பர் புஷ் எல்லாம் ஊறிப்போகும்.

டிங்கரிங்குக்கு விடும் முன் எஞ்சின் அறையின் பின்சுவரில் உள்ள சேசிஸ் எண்ணைக் காட்டி, அந்த இடத்தில் கிரைண்டர் படக் கூடாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். அந்த எண் தேய்ந்துபோனால் எஃப்.சி. நேரத்தில் அலைய வேண்டியிருக்கும். உங்கள் காருக்கு 2016-லும் 2021-லும் பதிவு புதுப்பித்திருப்பார்கள், அடுத்தது 2026. ஆர்.சி. காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், லீவை அதற்கேற்பப் போட்டுக்கொள்ளுங்கள். 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் புதுப்பிப்புக் கட்டணத்தை 10,000 ரூபாயாக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. டெல்லியில் இருப்பதுபோல வயதை வைத்து வண்டியைத் தடுக்கும் விதி நம் ஊரில் இல்லை, அந்தப் பயம் வேண்டாம்.

சரி, அப்பாவின் ஐந்து நிமிடத்துக்கு வருவோம். நல்ல மனதோடுதான் செய்கிறார், ஆனால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். வண்டி நன்றாகச் சூடானால் அந்த ஆவி சைலன்சர் வழியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் அணைத்தால் சைலன்சருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் தண்ணீராகப் படியும். ஸ்டார்ட் செய்ய எடுத்த கரன்ட்கூட பேட்டரிக்குத் திரும்ப ஏறியிருக்காது. அதற்குப் பதில் வாரம் ஒருமுறை அப்பா காரை எடுத்துக்கொண்டு தக்கலை வரை போய்வரட்டும். ஏசியைப் பத்து நிமிடம் போடட்டும், வழியில் பிரேக்கை நன்றாக நாலு தடவை அழுத்தட்டும். அவருக்கும் ஒரு சுற்று ஆகும். அது முடியாத மாதங்களில் ஸ்டார்ட்டே செய்ய வேண்டாம். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிட்டால் போதும்.

பின் சக்கரம் பிடிப்பதற்குக் காரணம் ஹேண்ட்பிரேக். வாரக்கணக்கில் இழுத்து வைத்தால் பின் டிரம்மில் ஷூ துருவோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, டயருக்கு ஒரு கட்டை வைத்து நிறுத்துங்கள், ஹேண்ட்பிரேக் வேண்டாம். டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்யும்போதே பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் சாதி. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பிளாஸ்டிக் கவரும் வேண்டாம், காற்றுப் போகும் துணிக் கவர் போடுங்கள். மூடும் முன் காய்ந்த துணியால் துடைக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுமணல் காற்றில் வந்து படிந்திருக்கும், துடைத்த இடமெல்லாம் கீறல் விழும். தண்ணீர் விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

வெயிலில் ஸ்டார்ட் ஆகாதது அந்தக் காலத்து ஹோண்டாவில் எல்லாருக்கும் தெரிந்த வியாதி. சாவியை ஆன் செய்து, ஸ்டார்ட்டர் அடிக்காமல் காதைக் கொடுங்கள். பின் சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி பெட்ரோல் பம்ப் முனகும் சத்தம் கேட்க வேண்டும். வெயிலில் நின்ற வண்டியில் அது கேட்காமல், கண்ணாடியை இறக்கிக் கொஞ்ச நேரம் ஆறவிட்டபின் கேட்டால், டாஷ்போர்டுக்கு அடியில் இருந்து பம்புக்குக் கரன்ட் கொடுக்கும் மெயின் ரிலேதான் குற்றவாளி. அதற்குள் ஈயம் வைத்த இடங்களில் மயிரிழை விரிசல் விட்டிருக்கும், சூட்டில் விரிந்து தொடர்பு அறும். ரிலேயைக் கழற்றி ஒரு டிவி மெக்கானிக்கிடம் கொடுத்தால் பழைய ஈயத்தை எடுத்துப் புதிதாக வைத்துத் தருவார். பம்ப் சத்தம் கேட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள இக்னைட்டரையும் காயிலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எஞ்சினில் பணம் போடத்தான் வேண்டும் என்றால் டைமிங் பெல்ட்டுக்குப் போடுங்கள். எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். அப்போது மெக்கானிக் கேட்ட ஒன்றரை லட்சம் நிஜமாகவே தேவைப்படும். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது, அதனால் பம்ப், டென்ஷனர், ஆயில் சீல் எல்லாம் ஒரே தடவையில் முடியட்டும். மெக்கானிக்கிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: இந்த எஞ்சின் எந்தப் பக்கம் சுற்றும்? மற்ற கார்களுக்கு மாறாக, புல்லிப் பக்கமிருந்து பார்த்தால் இது இடஞ்சுழியாகச் சுற்றும். தெரிந்தவர் உடனே சொல்வார். அவரிடம் வேலையைக் கொடுங்கள், வால்வு கிளியரன்ஸையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது இ-20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கரைக்கும். 2001-ம் வருஷத்து ரப்பர் ஹோஸ்கள் இதை நினைத்துச் செய்தவை அல்ல. டேங்க்கிலிருந்து எஞ்சின் வரை எல்லா ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவது சின்னச் செலவுதான். கசிந்து தீப்பிடித்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது. ஊரை விட்டுக் கிளம்பும்போது டேங்க்கை நிரப்பி வைத்துப் போங்கள். காலி டேங்க்கில் காற்று நிறைய, காற்றில் ஈரம் நிறைய.

ஓட்டுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், வாங்கியதே அதற்குத்தானே. விடெக் வேலை செய்வது ஆயில் அழுத்தத்தில், ஆர்.பி.எம். ஏறியதும் அந்த அழுத்தம் ஒரு பின்னைத் தள்ளி, வால்வுகளை இன்னும் அகலமாகத் திறக்கும் பெரிய கேமோடு பூட்டும். ஆயில் அளவு குறைந்தாலோ கெட்டியாகிவிட்டாலோ அந்த மாற்றமே நடக்காது, கார் சாதாரண சிட்டியாகவே இருக்கும். வெப்ப முள் நடுவுக்கு வந்த பிறகும் ஐந்தாறு கிலோமீட்டர் பொறுங்கள், ஆயில் சூடாக இன்னும் நேரம் எடுக்கும். விடிந்தும் விடியாத நேரத்தில் தக்கலை, குலசேகரம், திற்பரப்பு என்று ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போங்கள். இரண்டாவது, மூன்றாவது கியருக்கு ஏற்ற வளைவுகள் அங்கே நிறைய. டாரஸ் எனப்படும் பெரிய லாரிகள் வரத் தொடங்கும் முன் திரும்பிவிடுங்கள். ஆரல்வாய்மொழி பக்கம் காற்றுக் காலத்தில் போனால் லாரியை ஓவர்டேக் செய்து வெளியே வரும் கணத்தில் பக்கக் காற்று அறையும், எடை குறைந்த கார் ஒரு அடி நகரும். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும். கிளம்பும் முன் டயர் ஓரத்தில் உள்ள நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 2317 என்றால் 2017-ன் 23-வது வாரம் செய்தது. டயரின் மேல் பட்டன் தேயாமல் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அந்த வயது டயரில் வேகம் வேண்டாம். சத்தத்துக்காக சைலன்சரை மாற்றாதீர்கள். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

கடைசியாக அந்த மஸ்தா. 1989-ல் வந்த அருமையான கார், ஆசை புரிகிறது. ஆனால் பழைய காரை இந்தியாவுக்குள் கொண்டுவர வேண்டுமென்றால் அது தயாராகி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டியரிங்கும் வலது பக்கம் இருக்க வேண்டும். அமீரகத்தில் ஓடுவது இடது பக்க ஸ்டியரிங். இரண்டு வகையிலும் அடிபட்டுப்போகிறது. வழி இருக்கிறது என்று சொல்லி முன்பணம் கேட்கும் ஏஜென்ட்டை நம்பாதீர்கள். வாங்கத்தான் வேண்டும் என்றால் வாங்கி, அங்கேயே வாரக்கடைசியில் ஓட்டிவிட்டு, ஊருக்கு நிரந்தரமாக வரும்போது விற்றுவிட்டு வாருங்கள். ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவின் பழைய பாகக் கடைகளை மட்டும் விடாதீர்கள். தொண்ணூறுகளின் சிவிக்கில் இருந்ததும் உங்கள் எஞ்சின் குடும்பம்தான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரிலே, டென்ஷனர் என்று பழைய பாகத்தைக் கழற்றி, அதில் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்பாவைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எண் பொருந்துவதை மட்டும் வாங்கி அடுத்த லீவுக்குப் பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள்.