லைன் 1 ஹெர்ஃபோர்ட்: ஒரே தாத்தா வழிப் பொலிகாளையும் கிடேரியும்
ஹெர்ஃபோர்ட் என்ற இறைச்சி மாட்டினத்தைச் சேர்ந்த உங்கள் பொலிகாளையையும் கிடேரியையும் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்; இரண்டுக்கும் அப்பா வழித் தாத்தா ஒன்றே என்கிறீர்கள். அதை மட்டும் வைத்தால் கன்றின் உள்ளினப்பெருக்க அளவு (ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வரும் வாய்ப்பு) 32-இல் 1, அதாவது 3.125%. ஆனால் இந்தக் கணக்கை நம்பி இறங்காதீர்கள். இரண்டுமே லைன் 1 என்ற மூடிய ஹெர்ஃபோர்ட் மந்தையின் வழி வந்தவை. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மைல்ஸ் சிட்டியில் 1934-இல் தொடங்கிய அந்த மந்தைக்கு அடித்தளம், அட்வான்ஸ் டொமினோ 20, அட்வான்ஸ் டொமினோ 54 என்ற காளைகள். ஒரே தகப்பனுக்குப் பிறந்தவை. பிறகு வெளிக்காளை சேர்க்காமலேயே பெருக்கினார்கள். ஆகவே தாத்தாவுக்குப் பின்னாலும் அதே பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும்; உண்மை அளவு நிச்சயம் கூடுதல். கிடைக்கும் தலைமுறை அனைத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

சேர்ப்பதற்கு முன் இரண்டுக்கும் மரபணுச் சோதனை அவசியம். முக்கியமாக ஹைப்போட்ரைக்கோசிஸ் என்ற பரம்பரை ரோமக் குறை: இரண்டுமே கடத்திகளானால் (தமக்குக் குறை தெரியாமல் அதன் மரபணுவைச் சுமப்பவை), நான்கில் ஒரு கன்று ரோமம் குறைந்தோ இல்லாமலோ பிறக்க வாய்ப்புண்டு. வால் குஞ்சத்திலிருந்து முப்பது மயிரைச் சுண்டிப் பிடுங்குங்கள். வெட்டினால் பயனில்லை, வேர்க்குமிழில்தான் டிஎன்ஏ இருக்கிறது. சாணமோ ஈரமோ படக்கூடாது. சோதனையில் இரண்டில் ஒன்றாவது கடத்தி அல்ல என்று வந்தால், இந்தக் குறையோடு கன்று பிறக்காது. ஆனாலும் இந்தக் கிடேரிக்கு லைன் 1 அல்லாத காளையே நல்லது என்பது என் கருத்து.