துபாயில் அரை நாள் பாலைவனம்: குவாட் பைக்கும் ஒட்டகமும் குடும்பத்துக்குச் சரிப்பட்டு வருமா?

கேட்டிருப்பவர் டிசம்பரில் ஐந்து நாள் துபாய் போகிறார். கூட மனைவி, 9 வயது மகன், சர்க்கரை நோயுள்ள 64 வயது அம்மா. துபாய் நகருக்கு வெளியே லஹ்பாப் என்ற செம்மணல் பாலைவனத்தில் குவாட் பைக் (பைக் போல உட்கார்ந்து ஓட்டும் நாலு சக்கர மணல் வண்டி), ஒட்டகச் சவாரி இரண்டும் சேர்ந்த அரை நாள் பேக்கேஜ் எடுக்கலாமா என்பது கேள்வி. "தினமும் ஸ்கூட்டர் ஓட்டுகிறவன், குவாட் பைக் பிரச்சினை இல்லை. ஒட்டகம்தான் பயமாக இருக்கிறது" என்று முடித்திருக்கிறார்.

அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. பயம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. ஒட்டகத்தை ஒருவர் கயிறு பிடித்து நடத்திப் போகிறார். அது மனிதர் நடக்கும் வேகத்தில்தான் போகும். குவாட் பைக்கோ 200, 300 கிலோ எடையுள்ள வண்டி. உங்கள் கட்டைவிரல் ஒன்றின் சொல்படி ஓடுகிறது. ஸ்கூட்டர் பழக்கம் அதில் உதவாது. உதவாததோடு மூன்று இடங்களில் காலை வாரியும் விடும்.

முதலில் கட்டைவிரல். ஸ்கூட்டரில் ஆக்சிலேட்டரை முறுக்குகிறோம். குவாட் பைக்கில் வலது கைப்பிடியை ஒட்டிச் சின்னதாக ஒரு நெம்பு இருக்கும், அதைக் கட்டைவிரலால் தள்ள வேண்டும். மேடு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போடும்போது யாராக இருந்தாலும் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பார்கள். இறுக்கினால் கட்டைவிரலும் சேர்ந்து அழுத்தும், நிற்க வேண்டிய இடத்தில் வண்டி பாயும். அதனால் நான்கு விரலால் பிடியுங்கள், கட்டைவிரல் நெம்பின் மேல் சும்மா படிந்திருக்கட்டும். கொஞ்சம் பயம் தட்டினாலும் உடனே கட்டைவிரலை எடுத்துவிடுங்கள். மணலில் அதுவே பாதி பிரேக்.

அடுத்தது கால். ஸ்கூட்டர் வேகம் குறைந்ததும் கால் தானாகத் தரைக்குப் போகும். குவாட் பைக்கில் உங்கள் குதிகாலுக்கு நேர் பின்னால் பின்சக்கரம் வந்துகொண்டிருக்கிறது. பாதம் மணலில் பட்டுக் கொஞ்சம் பின்தங்கினால் டயர் குதிகாலில் ஏறி, காலை உள்ளே இழுக்கும். வண்டி அடியோடு நின்று, என்ஜின் அடங்கும்வரை இரண்டு பாதமும் கால் வைக்கும் தட்டில்தான் இருக்க வேண்டும். வண்டி சாய்கிறது என்று காலால் முட்டுக்கொடுக்கவும் போகாதீர்கள். அந்த எடையைக் கால் தாங்காது. செருப்பு வேண்டவே வேண்டாம். கணுக்கால் மூடும் ஷூ, சாக்ஸ், முழு பேன்ட்.

மூன்றாவது திருப்பம். ஸ்கூட்டர் திரும்பும்போது தானே சாயும், குவாட் பைக் சாயாது. பல மாடல்களில் பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில், ஒரே வேகத்தில் சுற்றும். கைப்பிடியைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். கட்டைவிரலைத் தளர்த்தி, திருப்பி, உடம்பைத் திரும்பும் பக்கமாகச் சரித்து உட்கார வேண்டும். "நாலு சக்கரம் இருக்கே, எப்படிக் கவிழும்?" என்று இங்கேயே கமெண்டில் கேட்பார்கள். சக்கரங்களுக்கு நடுவே அகலம் குறைவு, உட்காரும் இடம் உயரம், அதனால்தான். இளகிய மணலில் டயர் வழுக்கி உங்களைக் காப்பாற்றிவிடும். இரண்டு மணல்மேட்டுக்கு நடுவே கெட்டித் தரை வரும், அங்கே அதே வேகத்தில் திருப்பினால் டயர் சட்டென்று பிடித்துக்கொள்ளும், வண்டி புரளும். ஆபத்து மேட்டில் மட்டும்தான் என்று நினைத்துச் சமதரையில் விரட்டுகிறவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

மேடு என்றதும் காற்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வரும், ஷமால் என்பார்கள். காற்று ஏறும் பக்கம் சரிவு தாழ்வாக, மணல் ஓரளவு இறுகி இருக்கும். மறுபக்கம் உச்சியிலிருந்து மணல் கொட்டிக் கொட்டி 30 பாகைக்கு மேல், ஏறக்குறைய 34 பாகை வரை செங்குத்தாக நிற்கும். கால் வைத்தாலே பொலபொலவென்று சரியும். ஏறும்போது சுலபமாக இருக்கிறதே என்று முழு வேகத்தில் போனால் உச்சிக்கு அப்பால் தரையே இருக்காது. முன்னே சாய்ந்து, ஒரே சீராக அழுத்தி ஏறுங்கள். உச்சிக்கு ஒரு வண்டி நீளம் இருக்கும்போதே தளர்த்திவிடுங்கள். வழிகாட்டியின் டயர் தடத்தை விட்டு விலகாதீர்கள், முன்வண்டிக்கும் உங்களுக்கும் நடுவில் 20, 30 மீட்டராவது இருக்கட்டும். இறங்கும்போது பின்னால் சாய்ந்து நேராக இறங்குங்கள், முன்பிரேக்கை இறுக்க வேண்டாம். மேட்டின் விலாப்பக்கமாகக் குறுக்கே ஓட்டவே கூடாது. பாதி ஏற்றத்தில் இழுவை போய்விட்டால் சரிவிலேயே வளைத்துத் திரும்பப் பார்க்காதீர்கள். பிரேக்கைப் பிடித்து நின்று, கையைத் தூக்கிக் காட்டினால் வழிகாட்டி வந்து ரிவர்ஸில் இறக்கிவிடுவார். புதைந்தாலும் அப்படித்தான். அழுத்த அழுத்தச் சக்கரம் தன் குழியைத் தானே தோண்டும். இறங்கி, டயருக்கு முன்னும் பின்னும் மணலைக் கையால் வழித்துவிட்டு, வந்த தடத்திலேயே பின்னால் எடுக்க வேண்டும்.

நேரத்தைப் பற்றி யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. உச்சி வெயிலில் மேட்டின் நிழல் குறைவாகவே விழும்; மேடும் பள்ளமும் ஒரே சிவப்புத் துணியை விரித்துப் போட்டதுபோலத் தெரியும், உச்சி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. வெயில் சாய்வாக விழும்போதுதான் ஒவ்வொரு விளிம்பும் கோடு போட்டதுபோலத் தெரியும். டிசம்பரில் சூரியன் 7 மணியை ஒட்டி உதிக்கும், மாலை 5.30 சுமாருக்கு மறைந்துவிடும். ஹோட்டலிலிருந்து லஹ்பாப் போய்ச் சேர முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். அங்கே உங்களை ஏற்றிவந்த லேண்ட் குரூசர் காரின் டயரில் காற்றை 15 பிஎஸ்ஐ பக்கம் இறக்குவார்கள், அதற்கும் நேரம் போகும். 3.30-க்கு வந்து ஏற்றிக்கொள்ளும் மாலை பேக்கேஜில் குவாட் பைக் கைக்கு வரும்போது இருட்டத் தொடங்கிவிடும். காலை பேக்கேஜ் எடுங்கள், எவ்வளவு சீக்கிரம் வருவீர்கள் என்று கேளுங்கள்.

வரிசையையும் பேசி மாற்றுங்கள். வழக்கமாக முதலில் காரில் மணல்மேட்டில் ஏற்றி இறக்குவார்கள், பிறகு குவாட் பைக், கடைசியில் ஒட்டகம். காரில் அரைமணி நேரம் குலுங்கித் தலை சுற்றுகிறவரை உடனே குவாட் பைக்கில் உட்கார வைப்பது தப்பு. குவாட் பைக் முதலில், ஒட்டகம் அடுத்து, கார் கடைசியில் என்று வைக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, வாந்தி மாத்திரை பலவும் தூக்கத்தைக் கொண்டுவரும். போட்டவர் குவாட் பைக் தொடக் கூடாது.

வண்டி கொடுத்ததும் என்ஜினைக் கிளப்புவதற்கு முன் ஒரு சோதனை. கட்டைவிரல் நெம்பை முழுக்கத் தள்ளிவிட்டு விடுங்கள். 'டக்' என்று தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். மெதுவாக ஊர்ந்து திரும்பினாலோ, பாதியில் தங்கினாலோ கேபிளுக்குள் மணல் போயிருக்கிறது என்று அர்த்தம். சின்ன விஷயம்தான், ஆனால் அந்த வண்டியை வாங்கவே வாங்காதீர்கள், எவ்வளவு அவசரப்படுத்தினாலும் வேறு கேளுங்கள். என்ஜினை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் எங்கே என்று தொட்டுப் பாருங்கள். நீளமான கம்பியில் கொடி இருக்க வேண்டும், மேட்டுக்கு அந்தப் பக்கம் வருகிறவருக்கு முதலில் தெரிவது அதுதான். ஹெல்மெட்டை மாட்டித் தலையை ஆட்டுங்கள், அது தனியாக ஆடினால் அளவு சரியில்லை. உங்கள் மனைவியின் துப்பட்டாவைக் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள், சட்டைக்குள் செருகினால் போதும் என்று நினைக்க வேண்டாம். சக்கர அச்சில் சுற்றினால் கழுத்தைத்தான் இழுக்கும். முகத்துக்குத் துணி வேண்டுமென்றால் குழல் மாதிரி மாட்டும் முகத்துணி வாங்கிக்கொள்ளலாம்.

மகன் விஷயத்தில் கறாராகவே சொல்கிறேன். உங்கள் முன்னால் உட்கார வைத்து ஓட்டாதீர்கள். ஒருவர் உட்காரும் வண்டியில் ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்ந்து எடையை மாற்ற வேண்டும், முன்னால் பிள்ளை இருந்தால் நகர இடமே இல்லை. கவிழ்ந்தால் அவன்தான் அடியில். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் இந்த வண்டியை ஓட்டவே வேண்டாம் என்கிறது. வேலிபோட்ட இடத்துக்குள் வேகம் கட்டுப்படுத்திய சின்ன வண்டி சில இடங்களில் தருகிறார்கள். அதுவே அதிகபட்சம், அதையும் நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். "ஊரில் பைக் டேங்க் மேல் உட்காரவைத்துக்கொண்டு போகவில்லையா?" என்று சண்டைக்கு வருவார்கள். போகிறோம், அதுவும் தப்புதான்.

ஒட்டகம். தெரிந்துகொள்ள வேண்டியது எழும்போதும் உட்காரும்போதும் என்ன நடக்கிறது என்பதுதான். எழும்போது பின்னங்கால்கள் முதலில் முழுதாக நிமிரும், நீங்கள் முன்னால் கவிழப் போவீர்கள். உட்காரும்போது முன்னங்கால்கள் முதலில் மடங்கும், மறுபடியும் முன்னால்தான் கவிழ்வீர்கள். ஆக இரண்டு தடவையும் பின்னால் சாய வேண்டும், சேணத்தின் பிடியை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், போன் பையில் இருக்க வேண்டும். முன்முழங்கால் தரையைத் தொட்டதும் வந்துவிட்டது என்று குதிக்காதீர்கள், பின்பாகம் இன்னும் மேலேதான் இருக்கிறது. நடக்கும்போது ஒரே பக்கத்து இரண்டு காலையும் சேர்த்து எடுத்து வைப்பதால் உடம்பு பக்கவாட்டில் ஆடும்; இடுப்பை இறுக்காமல் விட்டால் பழகிவிடும். தரையிலிருக்கும்போது பின்காலுக்கு அருகே போகாதீர்கள், அது எந்தப் பக்கமும் உதைக்கும்.

ஏறுவதற்கு முன் வாயைப் பாருங்கள். கீழ்த்தாடையைப் பக்கவாட்டில் அசைத்து நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தால் அது அமைதியாக இருக்கிறது. நீங்கள் போகும் குளிர்காலம்தான் ஆண் ஒட்டகத்துக்கு இணைசேரும் பருவம். அப்போது வாயோரம் வெள்ளை நுரை தள்ளும், தொண்டைக்குள் தண்ணீர் கொதிப்பது போலக் களகளவென்று சத்தம் வரும், இளஞ்சிவப்பாக ஊதின பலூன் போல ஒரு சதை வாயின் ஒரு பக்கமாக வெளியே தொங்கிவிட்டு உள்ளே போகும். அதை நாக்கு என்று நினைத்துப் போட்டோ எடுக்கப் பக்கத்தில் போகிறார்கள். அது மேலண்ணத்துச் சதை, அந்த நேரம் அது முரட்டு விலங்கு. ஏறவும் வேண்டாம், கிட்டேயும் போக வேண்டாம். சேணத்துக்கு ஓரத்தில் புண், நொண்டல் இருந்தாலும் வேறு ஒட்டகம் கேளுங்கள். புண்பட்ட முதுகில் உட்காருவது அதற்கும் கொடுமை, உங்களுக்கும் நல்லதில்லை.

அம்மாவுக்கு ஒட்டகம் வேண்டாம் என்பேன். மூட்டு வலிக்காக மட்டும் இல்லை. 2012-ல் சவூதியில் முதலில் கண்டறிந்த மெர்ஸ் என்ற சுவாச நோய்க் கிருமி ஒட்டகத்திடமிருந்து மனிதருக்கு வரக்கூடியது. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் ஒட்டகத்தைத் தொடுவதையும், காய்ச்சாத ஒட்டகப் பால் குடிப்பதையும் தவிர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. ஊரைக் கூட்டிப் பயமுறுத்துகிறேன் என்று எண்ண வேண்டாம், தினமும் ஆயிரக்கணக்கானோர் ஏறி இறங்குகிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. சர்க்கரை உள்ளவருக்கு அந்த நோய் வந்தால் தீவிரமாகிவிடும் என்பதால் சொல்கிறேன். மற்றவர்களும் இறங்கியதும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும், முகத்தோடு முகம் வைத்துப் படம் எடுக்க வேண்டாம். மணல்மேட்டுக் கார் ஓட்டத்தையும் அம்மாவுக்கு விட்டுவிடுங்கள். பாலைவனத்தில் கூடாரம் போட்டிருக்கும் கேம்ப்புக்கு மேடு ஏறாமல் போகும் தடம் இருந்தால் அவரை அந்த வழியாகக் கொண்டுபோய் விடும்படி முன்கூட்டியே கேட்டால் செய்து தருவார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாமல் விட மனசு வரவில்லை. கேம்ப்பைச் சுற்றித் தண்ணீர் பாட்டிலும் சிப்ஸ் கவரும் கிடக்கும். ஒட்டகம் உப்புச் சுவையைத் தேடி எதையும் மெல்லும். துபாய்ப் பக்கம் 2008 முதல் பரிசோதித்த சுமார் 30,000 இறந்த ஒட்டகங்களில் 300-ன் வயிற்றில் பிளாஸ்டிக் கட்டி இருந்ததாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பெரிய கட்டி 60 கிலோவுக்கு மேல். வயிறு நிறைந்திருக்கிறது என்று நினைத்து அந்த ஜீவன் தீனி எடுக்காமல் பட்டினியில் சாகும். நம் ஊர் மாடுகளுக்கு நடப்பதும் இதுவே. காற்றில் பறந்துபோன ஒரு கவரை ஓடிப்போய் எடுத்தால் பக்கத்தில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு அந்தச் சிரிப்புதான் பொறுக்கவில்லை. ஆளுக்கு ஒரு துணிப்பை கொண்டுபோய்க் குப்பையை ஹோட்டலுக்கே திரும்பக் கொண்டுவாருங்கள்.

கடைசியாகக் காகிதங்கள். அடமானமாகப் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள், நகல் போதும் என்று சொல்லுங்கள். ஓட்டுவதற்கு முன் வண்டியைச் சுற்றி ஒரு நிமிட வீடியோ எடுத்து வைத்தால், இறங்கியபின் பழைய கீறலுக்கு உங்களிடம் பணம் கேட்க முடியாது. அரைமணி குவாட் பைக் என்றால் அதில் ஹெல்மெட் மாட்டும் நேரம், சொல்லிக்கொடுக்கும் நேரம் சேருமா, ஒட்டகம் எத்தனை நிமிடம் என்று எழுத்தில் வாங்குங்கள். விலை குறைவான பேக்கேஜில் ஒட்டகச் சவாரி ஒரு சுற்று, ஐந்து நிமிடம், அவ்வளவுதான். பயணக் காப்பீட்டில் குவாட் பைக் விபத்தை விலக்கி வைத்திருப்பது சகஜம். பாலிசியைத் திறந்து அந்த வரியைத் தேடிப் பாருங்கள், இருந்தால் கிளம்புவதற்கு முன்பே கூடுதல் கட்டணம் கட்டிச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.