அம்மாகிட்ட கேட்டீங்களா?

வணக்கம் சார்,
எங்கம்மாவுக்கு 72 வயசு. ஞாபக சக்தி பத்தின ஆராய்ச்சிக்கு 65 வயசு தாண்டினவங்க வேணும்னு ஒரு யூனிவர்சிட்டிலேர்ந்து போன் வந்துச்சு. நான்தான் எடுத்தேன், வேண்டாம்னு சொல்லி வச்சுட்டேன். சோதனை எலி ஆக்கிடுவாங்களோன்னு பயம். விஷயம் தெரிஞ்சதுலேர்ந்து அம்மா என்கூட சரியா பேசல. நான் செஞ்சது தப்பா?
கே.

அன்புள்ள கே.,

ஆமா, தப்புதான்னு எனக்குப் படுது. பயந்ததைச் சொல்லல, அம்மாவுக்கு வந்த போனுக்கு நீங்க பதில் சொன்னதைச் சொல்றேன்.

பயத்துக்குக் காரணம் இருக்கு. 1963ல நியூயார்க் புரூக்ளின்ல ஒரு ஆஸ்பத்திரியில 22 நோயாளிங்களுக்கு கேன்சர் செல்லை ஊசியில ஏத்தினாங்க, அது கேன்சர் செல்னு அவங்ககிட்ட சொல்லவே இல்ல, பல பேரு வயசாகி உடம்பு தளர்ந்து கிடந்தவங்க. இன்னைக்கு எதிக்ஸ் கமிட்டி அனுமதி, ஒப்புதல் படிவம், எப்ப வேணா விலகிக்கலாம்ங்கிற உரிமை எல்லாம் இருக்குன்னா அதுக்குப் பின்னாடி இப்படிப்பட்ட கொடுமைங்க இருக்கு. உங்க அன்பையும் அதையும் நான் ஒண்ணா வைக்கல. ஆனா அங்கயும் பெரியவங்களை யாரும் கேக்கல, இங்கயும் கேக்கல, அதுதான் எனக்கு உறுத்துது.

ஆராய்ச்சிக்குப் பெரியவங்க ஏன் வேணும்னா, சைக்காலஜி ஆராய்ச்சியில பெரும்பகுதி காலேஜ் பசங்களை வச்சே நடந்திருக்கு. மருந்து சோதனையில வயசு ஜாஸ்தி, சுகர் இருக்கு, ஏற்கனவே அஞ்சு மாத்திரை சாப்பிடுறாங்கன்னு பெரியவங்களை ஒதுக்கிடுவாங்க, ஆனா கடைசியில அந்த மருந்தை அதிகமா சாப்பிடப்போறது அவங்கதான். வயசாக ஆக கிட்னியோட வேகம் குறையுது, சில மருந்து உடம்புல ரொம்ப நேரம் தங்குது, சின்ன வயசுக்காரங்களை வச்சுப் பார்த்த டோஸ் இவங்களுக்கு ஒத்துக்காமப் போகலாம்.

ஆராய்ச்சி பண்றவங்க மேலயும் எனக்குக் கோவம் உண்டு. பொடி எழுத்துல பத்து பக்க படிவம், ஆன்லைன்லதான் பதியணும், மத்தியானம் மூணு மணிக்கு வாங்க, இவ்ளோவும் பண்ணிட்டு பெரியவங்க வரமாட்டேங்குறாங்கன்னு குறைபட்டா எப்படி? நேரம்ங்கிறது வெறும் சௌகரியம் இல்லீங்க. 1993ல வந்த ஒரு ஆய்வுல காலையில டெஸ்ட் வச்சப்போ பெரியவங்க ஞாபகத்துல இளசுங்களுக்கு ஈடு குடுத்தாங்க, நேரம் போகப் போகத்தான் இடைவெளி பெருசாச்சு. அதனால அம்மா போறதா இருந்தா காலை நேரமே கேட்டு வாங்கச் சொல்லுங்க.

படிவத்தை ரெண்டு பேரும் சேர்ந்து படிங்க. இது ஆராய்ச்சி, வைத்தியம் இல்லங்கிறது அவங்களுக்குப் புரியணும். ஸ்கேன் எடுத்து அதுல எதாவது தெரிஞ்சா சொல்லுவாங்களா, தகவலை யாரெல்லாம் பார்ப்பாங்க, போக்குவரத்துச் செலவு யாரோடதுன்னு கேளுங்க. படிச்சு முடிச்சதும் என்ன புரிஞ்சுதுன்னு அம்மாவை அவங்க வார்த்தையிலேயே சொல்லச் சொல்லுங்க. அதுக்கப்புறமும் அவங்க வேண்டாம்னு சொன்னா வேண்டாம்தான், யாரும் காரணம் கேக்கக் கூடாது, நீங்களும் நானும் சேர்த்துத்தான்.

அந்த நம்பர் உங்க போன்ல இன்னும் இருக்கும். திருப்பிக் கூப்பிட்டு போனை அம்மா கையில குடுத்துடுங்க, ஸ்பீக்கர்ல போட வேண்டாம்.