குழப்படியா, கவனக் குறைபாடா? முன்பள்ளிப் பிள்ளைகள் பற்றிய கேள்வி பதில்

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் சிறுபிள்ளைகளோடு வேலை செய்யும் தொழில்வழிச் சிகிச்சையாளர். மூன்று முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளின் கவனம், துடியாட்டம் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியதைப் படித்து, பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. (கவனக் குறைபாடும் மிகைத் துடியாட்டமும்) இருக்கிறது என்றோ இல்லை என்றோ என்னால் சொல்ல முடியாது. எதைக் கவனிப்பது, எப்போது காட்டுவது என்று சொல்லலாம். அதுவரை வீட்டில் செய்ய வேண்டியவையும் நிறைய இருக்கின்றன. அவற்றைத் தொடங்க எந்த வைத்தியரின் முடிவும் வரத் தேவையில்லை.

கோண்டாவிலிலிருந்து ஒரு அம்மா: அக்கா, மகனுக்கு மூன்று வயதும் நாலு மாதமும். ஒரு இடத்தில் இருக்கமாட்டான். சாப்பாடு கூட ஓடி ஓடித்தான். "சரியான குழப்படி, ஒருக்கா டொக்டரிடம் காட்டுங்கோ" என்று முன்பள்ளி டீச்சர் சொல்லிவிட்டார். இது அந்த வருத்தமா?

தங்கச்சி, பதற வேண்டாம். மூன்று வயதில் ஓடுவதும், ஏறுவதும், கேட்டதையே நூறு தரம் கேட்பதும் வயதுக்குரியவை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் வெளியிட்ட வழிகாட்டியே நாலு வயது தொடக்கம்தான் இந்தக் குறைபாட்டுக்கான மதிப்பீட்டைப் பற்றிப் பேசுகிறது. அதற்கு முன்னர் பெயர் சொல்ல அவசரப்படுவதில்லை.

எவ்வளவு ஓடுகிறான் என்பதை நான் பெரிதாகப் பார்ப்பதில்லை. எங்கெங்கே அப்படி இருக்கிறான் என்றுதான் முதலில் கேட்பேன். வீடு, முன்பள்ளி, அம்மம்மா வீடு, கோயில் என்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரியா? முன்பள்ளியில் மட்டும் என்றால் அங்கே ஏதோ பொருந்தவில்லை. மூன்று வயதுப் பிள்ளையை வரிக்கொப்பியில் அரை மணித்தியாலம் "அ" எழுத வைத்தால் எந்தப் பிள்ளையும் எழும்பி ஓடும். வீட்டில் மட்டும் என்றால் நித்திரை, சாப்பாடு, போன் நேரங்களைப் பார்க்க வேண்டும். மருத்துவ அளவுகோலும் இதைத்தான் கேட்கிறது: அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும், பிள்ளையின் அன்றாடத்தைக் குழப்ப வேண்டும்.

பிறகு அவனுடைய விளையாட்டைப் பாருங்கள். ஒரு லொறியை எடுத்து, மண் ஏற்றி, கொண்டுபோய்க் கொட்டி, திரும்பவும் வந்து ஏற்றுகிறானா? அப்படியென்றால் எவ்வளவு துள்ளினாலும் அவன் மனதில் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. லொறியை எடுத்த கையோடு எறிந்து, பந்தைத் தொட்டு, அதையும் விட்டு, இப்படி எதிலும் ஒரு நிமிடமும் நிற்காமல் மாதக்கணக்கில் போகிறது என்றால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றது, இதனால் பிள்ளை என்ன இழக்கிறான்? திரும்பத் திரும்ப விழுந்து காயப்படுகிறானா? கையை உதறிவிட்டு றோட்டுக்கு ஓடுகிறானா? அதே வயதுப் பிள்ளைகள் அவனை விளையாட்டில் சேர்க்காமல் விடுகிறார்களா? இவற்றுக்கு "ஓம்" என்றால், வயது மூன்றோ நாலோ, போய்க் காட்டுங்கள்.

மானிப்பாயிலிருந்து ஒரு அப்பா: நாலு வயதுப் பிள்ளை எவ்வளவு நேரம் ஒரு வேலையில் இருக்க வேண்டும்?

ஒரு வயதுக்கு இரண்டு மூன்று நிமிடம் என்று பொதுவாக ஒரு கணக்குச் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் நாலு வயதுக்கு எட்டு முதல் பன்னிரண்டு நிமிடம். ஆனால் இது வெறும் தோராயம். பசி, நித்திரை, வேலை பிடித்ததா என்பதெல்லாம் அதை மாற்றும். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்காதீர்கள் தம்பி.

சுன்னாகத்திலிருந்து ஒரு அம்மா: போனைக் கொடுத்தால் ஒரு மணித்தியாலம் ஆடாமல் அசையாமல் இருக்கிறான். அப்ப அவனுக்குக் கவனம் இருக்குத்தானே?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள். போன் காணொளியில் சில விநாடிக்கு ஒருமுறை படம் மாறும், சத்தம் மாறும். பிள்ளை கவனத்தைப் பிடித்து வைக்கத் தேவையில்லை, காணொளியே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே போனோடு இருப்பதை வைத்துக் கவனம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. குறைபாடு இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. இந்தக் குறைபாடு உள்ள பிள்ளைகளும் போனோடு நீண்ட நேரம் இருப்பார்கள்.

கதை சொல்லும்போது, மரக்கட்டை அடுக்கும்போது, உங்களோடு சேர்ந்து பயற்றங்காய் உடைக்கும்போது எப்படி இருக்கிறான் என்று பாருங்கள். அங்கேதான் அவனே தன் கவனத்தை நிறுத்த வேண்டியிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு: இரண்டு முதல் நாலு வயது வரை திரை நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், அதிலும் குறைந்தால் நல்லது. மூன்று, நாலு வயதுக்கு நித்திரை 10 முதல் 13 மணித்தியாலம். ஓட்டம், நடை, விளையாட்டு எல்லாம் சேர்த்து மூன்று மணித்தியாலம். இரவு பத்தரை வரை ரீவி பார்த்துவிட்டுக் காலை ஆறரைக்கு எழும்பும் பிள்ளை முன்பள்ளியில் சிடுசிடுத்துத் துள்ளுவது எனக்குப் புதினமில்லை. பெரியவர்களுக்கு நித்திரை குறைந்தால் சோர்வு வரும். சிறுபிள்ளைகளில் பல பேருக்குத் துடியாட்டம்தான் கூடும். முதலில் நித்திரையைச் சரிசெய்துவிட்டு ஒரு மாதம் பாருங்கள். குறட்டை விட்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கித் தூங்கும் பிள்ளை என்றால் மூக்கின் பின்னால் இருக்கும் சதை வளர்ந்திருக்கலாம். அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பருத்தித்துறையிலிருந்து ஒரு அம்மா: மகளுக்கு நாலரை வயது. ஒரு குழப்படியும் இல்லை. "தங்கமான பிள்ளை" என்றுதான் டீச்சர் சொல்வார். ஆனால் கூப்பிட்டால் திரும்புவதில்லை, சொன்ன வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதையெல்லாம் பெரிதுபடுத்த வேண்டுமா?

இதைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி அம்மா. குழப்படி செய்யும் பிள்ளையை எல்லாரும் கவனிப்பார்கள். அமைதியாகக் கனவில் இருக்கும் பிள்ளையை ஆறு, ஏழு வயது வரை யாரும் கவனிப்பதில்லை. பெண்பிள்ளைகள் இப்படி விடுபடுவது கூட.

ஆனால் கவனக் குறைபாடு என்று நினைப்பதற்கு முன் காதைப் பரிசோதியுங்கள். தடிமன் வந்து வந்து போகும் பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தங்கும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. ஒரு கிழமை நன்றாகக் கேட்கும், மறு கிழமை மந்தமாகக் கேட்கும். "கேட்டும் கேளாத மாதிரி இருக்கிறாள்" என்று நாங்கள் ஏசுவோம். ரீவிச் சத்தத்தைக் கூட்டுகிறாளா, பின்னாலிருந்து கூப்பிட்டால் மட்டும் திரும்பாமல் இருக்கிறாளா, "ஆ? என்ன?" என்று அடிக்கடி கேட்கிறாளா என்று பாருங்கள்.

இரண்டாவது, அந்த வெறித்த பார்வை. அப்படி இருக்கும்போது தோளில் தொடுங்கள். தொட்டவுடன் திரும்பி உங்களைப் பார்த்தால் அது யோசனை. தொட்டும் அசையாமல், கண் இமை துடித்து, பத்துப் பதினைந்து விநாடிக்குப் பிறகு ஒன்றும் நடக்காதது போல விட்ட இடத்திலிருந்து விளையாடினால், அது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். கை கால் உதறாத வலிப்பும் உண்டு. இது பெரும்பாலும் நாலு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில்தான் தொடங்கும். போனில் காணொளி எடுத்து வைத்தியருக்குக் காட்டுங்கள், நீங்கள் வாயால் சொல்வதைவிட அது உதவும்.

மூன்றாவது, இரத்தச்சோகை. இரும்புச் சத்துக் குறைந்த பிள்ளை சோர்ந்து, கவனம் சிதறித்தான் இருப்பாள். ஒரு இரத்தப் பரிசோதனை போதும். இவை மூன்றும் இல்லையென்று தெரிந்த பிறகும் அப்படியே இருந்தால் கவனத்தைப் பற்றிப் பேசுவோம்.

அச்சுவேலியிலிருந்து ஒரு முன்பள்ளி ஆசிரியை: மிஸ், என் வகுப்பில் ஒரு தம்பி மற்றப் பிள்ளைகளைத் தள்ளுகிறான், அடிக்கிறான். தாயிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொன்னால் கோபித்துப் பிள்ளையை நிப்பாட்டிவிடுவார்கள் என்று பயம்.

டீச்சர், சொல்வதற்கு முன் இரண்டு கிழமை எழுதுங்கள். "இன்றும் குழப்படி" என்று எழுதினால் ஒருவருக்கும் உதவாது. "ஒன்பதரை. ஊஞ்சலுக்கு வரிசை. முன்னால் நின்ற பிள்ளை இறங்கவில்லை. தள்ளினான். பிறகு தானே அழுதான்." இப்படி எழுதுங்கள். பத்துக் குறிப்புச் சேர்ந்ததும் ஒரு கோலம் தெரியும். வரிசையில் காத்திருக்கும்போது மட்டுமா? ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதா? கேட்கத் தெரியாமல் கையால் கேட்கிறானா? கடைசி என்றால் அவனுடைய பேச்சு வளர்ச்சியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சொல் வராத பிள்ளைக்குக் கை முந்தும்.

வகுப்பில் இன்றைக்கே செய்யக்கூடியவை: அவனை உங்களுக்குப் பக்கத்தில் இருத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு சொல்வழி மட்டும். விளையாட்டு முடிய முன்னர் "இன்னும் இரண்டு தரம் சறுக்கிவிட்டு வா" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கொப்பி பகிர்வது, பாய் விரிப்பது போன்ற வேலையை அவனுக்குக் கொடுங்கள்.

தாயோடு பேசும்போது படலையடியில் மற்ற அம்மாமார் நிற்க வேண்டாம். தனியே கூப்பிட்டு, அவன் நன்றாகச் செய்யும் ஒன்றிலிருந்து தொடங்கி, பிறகு குறிப்பைக் காட்டி, "வீட்டில் எப்படி?" என்று கேளுங்கள். ஏ.டி.எச்.டி. என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரவே வேண்டாம். அதைச் சொல்வது வைத்தியரின் வேலை.

காரைநகரிலிருந்து ஒரு தாத்தா: நாங்கள் இரண்டு அடி போட்டு வளர்த்த பிள்ளைகள் எல்லாம் நல்லாய்த்தானே இருக்கினம்? இப்ப எல்லாத்துக்கும் வருத்தம் என்று பெயர் வைக்கிறியள்.

ஐயா, பேரன்மேல் இருக்கும் அக்கறையில்தான் கேட்கிறீர்கள் என்று விளங்குகிறது. அடித்தால் அந்த நேரம் நிற்பான், அது உண்மை. ஆனால் கவனச் சிக்கல் உள்ள பிள்ளைக்கு விதி தெரியும். தெரிந்ததைச் செய்யும் முன் ஒரு கணம் நிதானிப்பதுதான் வராது. அந்த நிதானம் மூளையில் மெதுவாக வளர்வது. அடி அதை வளர்க்காது, பயத்தை மட்டும் வளர்க்கும். ஒரு நாள் பயமும் விட்டுப்போகும்.

உங்களால் வேறொன்று முடியும் ஐயா. "நில்" என்றால் சிலை மாதிரி நிற்கும் விளையாட்டை முற்றத்தில் பேரனோடு தினமும் பத்து நிமிடம் விளையாடுங்கள். நின்றவுடன் "அட, நிண்டிட்டான்!" என்று சத்தமாய்ச் சொல்லுங்கள். நிதானத்துக்கு அது நல்ல பயிற்சி.

நல்லூரிலிருந்து ஒரு அம்மா: கணவர் கட்டாருக்குப் போய் மூன்று மாதம். அதற்குப் பிறகுதான் மகன் இப்படி மாறினான்.

முன்பு அமைதியாக இருந்து திடீரென்று மாறினால் நான் முதலில் கவனக் குறைபாட்டை நினைக்கமாட்டேன். அது மெல்ல மெல்லச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இது பிரிவு. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் அப்பாவோடு கதைக்க விடுங்கள், நித்திரை நேரத்தை மாற்றாதீர்கள், "அப்பா எப்ப வருவார்" என்ற கேள்விக்குப் பொய் சொல்லாதீர்கள். இன்னும் சில மாதத்தில் தணியாவிட்டால் எழுதுங்கள்.

சாவகச்சேரியிலிருந்து ஒரு அம்மா: என் வளர்ப்புத்தான் பிழை என்று மாமி சொல்கிறார். இனிப்புக் கொடுத்துத்தான் இப்படி என்றும் சொல்கிறார்.

இந்தக் குறைபாடு வளர்ப்பால் வருவதில்லை. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் பரம்பரையின் பங்கு 70 முதல் 80 சதவீதம் என்று வருகிறது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும் வாய்ப்புக் கூட. இனிப்பைப் பற்றி, 1995இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சீனி பிள்ளைகளின் நடத்தையை மாற்றியதாகத் தெரியவில்லை. பல்லுக்காகக் குறையுங்கள், போதும்.

உரும்பிராயிலிருந்து ஒரு அப்பா: மகன் ஜனவரி 25 பிறந்தவன். வாற வருடம் முதலாம் தரம். மற்றப் பிள்ளைகளோடு ஈடுகொடுக்கமாட்டான் என்று டீச்சர் சொல்கிறார்.

எங்கள் நாட்டில் ஜனவரி 31க்குள் ஐந்து வயது நிறைந்தால் முதலாம் தரம். ஆக உங்கள் மகனுக்குப் பக்கத்தில், முந்திய வருடம் பெப்ரவரியில் பிறந்த பிள்ளை இருக்கும். ஏறக்குறைய ஒரு வயது வித்தியாசம். பல நாடுகளில் வகுப்பின் மிக இளைய பிள்ளைகளுக்கே இந்தக் குறைபாடு இருப்பதாகக் கூடுதலாகச் சொல்லப்படுகிறது. அவனைத் தன் வயதுப் பிள்ளையோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

பலர் கேட்டது: எங்கே காட்டுவது? குளிசை கொடுப்பார்களா?

முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ சொல்லுங்கள். அங்கிருந்து யாழ் போதனா வைத்தியசாலைக்கோ பக்கத்து ஆதார வைத்தியசாலைக்கோ துண்டு வாங்கிக் குழந்தை வைத்திய நிபுணரைப் பார்க்கலாம்.

இந்த வயதில் முதல் சிகிச்சை குளிசை இல்லை. பிள்ளையை எப்படிக் கையாள்வது என்று பெற்றோருக்குக் கொடுக்கும் பயிற்சிதான் முதலில். அதுவும் போதாமல், சிரமம் கடுமையாக இருந்தால் மட்டும் நிபுணர் மருந்தைப் பற்றிப் பேசுவார். தெரிந்தவர் பிள்ளைக்கு எழுதிய மருந்தை வாங்கிக் கொடுக்கவே வேண்டாம்.

போகும்போது பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேடு, டீச்சரின் குறிப்பு, நீங்கள் எடுத்த காணொளி எல்லாம் கொண்டு போங்கள். வைத்தியரின் அறையில் பல பிள்ளைகள் பதினைந்து நிமிடம் சமர்த்தாய் இருந்துவிடுவார்கள். "இங்கே நல்லாய்த்தானே இருக்கிறான்" என்று திரும்பி வராமல் இருக்க அந்தக் காகிதங்கள்தான் உதவும்.