பயாப்ஸில 'மெட்டாபிளாசியா'ன்னு வந்தா கேன்சரா?

கேள்வி: வயசு 46. ரொம்ப நாளா வயித்தெரிச்சல், எண்டோஸ்கோபி பண்ணாங்க. பயாப்ஸி ரிப்போர்ட்ல 'இன்டெஸ்டினல் மெட்டாபிளாசியா, டிஸ்பிளாசியா இல்லை, ஹெச் பைலோரி இல்லை'ன்னு இருக்கு. இது கேன்சரா? மாத்திரைல சரியாகுமா?

பதில்: கேன்சர் இல்லைங்க. 'டிஸ்பிளாசியா இல்லை'ங்கற வரியத்தான் (டிஸ்பிளாசியான்னா செல்லுங்க கேன்சருக்கு முந்தின நெலைக்கு மாறறது) நீங்க மொதல்ல பாத்திருக்கணும், நெறைய பேரு அத விட்டுட்டு அந்த பெரிய வார்த்தைய மட்டும் கூகுள்ல தட்டி தூக்கத்த தொலைக்கறாங்க.

இரைப்பையோட உள்சவ்வுல ஹெச் பைலோரி கிருமி வருஷக்கணக்கா அழற்சிய உண்டாக்கிட்டே இருந்தா அங்க இருக்கற சுரப்பிங்க தேஞ்சு போயிடும், அந்த எடத்துல மொளைக்கற புது செல்லுங்க குடல் செல் மாதிரியே வளர ஆரம்பிச்சிடும், இதத்தான் இன்டெஸ்டினல் மெட்டாபிளாசியான்னு சொல்றாங்க. மைக்ரோஸ்கோப்ல பாத்தா இரைப்பைல இருக்கவே கூடாத, குடல்ல இருக்கற கோப்லெட் செல்லுங்க சளிய நிரப்பிக்கிட்டு வெளிறிப்போய் உப்பிட்டு நிக்கும். அமைப்பு மாறினா வேலையும் மாறும்ல, அமிலம் சுரக்கற சுரப்பிங்க அழிஞ்சிருந்தா அமிலம் கொறையும், ரொம்ப அழிஞ்சிருந்தா பி12, இரும்புச்சத்து ஒடம்புல சேர்றதும் கொறையும். அதனால சோர்வா இருந்தா அந்த ரெண்டையும் ரத்தத்துல பாத்துருங்க.

'ஹெச் பைலோரி இல்லை'ங்கறத மட்டும் நான் அப்படியே நம்ப மாட்டேன். இப்படி மாறிப்போன சவ்வு அந்த கிருமிக்கே ஒத்துக்காது, அதனால பயாப்ஸில சிக்காம இருக்கலாம். மூச்சு டெஸ்ட் இல்லன்னா மல ஆன்டிஜன் டெஸ்ட் (மலத்துல கிருமியோட புரதத்த தேடறது) எடுங்க, அதுக்கு 2 வாரம் முன்னாடி ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் மாதிரி அமிலத்த கொறைக்கற மாத்திரைய டாக்டர கேட்டுட்டு நிறுத்தணும். கிருமி இருந்தா ஆன்டிபயாடிக் கோர்ஸ், முடிஞ்சு கொறஞ்சது 4 வாரம் கழிச்சு மறுபடி அதே டெஸ்ட். கிருமி போயிடுச்சான்னு பாக்க ரத்த டெஸ்ட் உதவாது, கிருமி போன பிறகும் அத எதிர்த்து ஒடம்பு உண்டாக்கின ஆன்டிபாடி பாசிட்டிவ்னே காட்டும். (இந்த கிருமிதான் அழற்சிக்கு காரணம்னு காட்ட பேரி மார்ஷல்ங்கற டாக்டர் 1984ல அத தானே குடிச்சாரு, 2005ல நோபல் பரிசும் வாங்கினாரு!)

கிருமி போனா அழற்சி அடங்கும். மாறின செல்லு திரும்பறது நிச்சயமில்ல, சிலருக்கு திரும்பும், பலருக்கு அப்படியே நிக்கும், ஆனா அதோட நின்னா பிரச்சினை இல்ல. டிஸ்பிளாசியாவுக்கு போகுதான்னுதான் கவனிக்கணும், பெரும்பாலானவங்களுக்கு அது போறதே இல்ல. இரைப்பையோட கீழ்ப்பகுதில மட்டுமா, மேலயும் பரவியிருக்கான்னு டாக்டர கேளுங்க. பரவியிருந்தாலோ, அப்பா அம்மா கூடப்பொறந்தவங்க யாருக்காவது இரைப்பை கேன்சர் இருந்தாலோ பொதுவா 3 வருஷத்துக்கு ஒரு எண்டோஸ்கோபி சொல்வாங்க, ரெண்டும் இல்லன்னா பல பேருக்கு அது தேவைப்படாது. சிகரெட் இருந்தா விட்டுருங்க. எடை தானா கொறையுது, மலம் கருப்பா போகுது, முழுங்க கஷ்டமா இருக்குன்னா மட்டும் 3 வருஷம்லாம் காத்திருக்காம ஒடனே போங்க.