ஆறு பொருள் போட்டும் முகம் எரிகிறது, பரு போகவில்லை: தினசரி சருமப் பராமரிப்பை எப்படி அமைப்பது?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: காலையில் நுரை பொங்கும் ஃபேஸ் வாஷ், டோனர், வைட்டமின் சி சீரம். இரவில் ஸ்க்ரப், சாலிசிலிக் ஆசிட், ரெட்டினால். இரண்டு மாதமாகியும் பரு குறையவில்லை. கன்னம் எரிகிறது, எதைத் தடவினாலும் சுரீர் என்கிறது. இன்னும் எந்த சீரம் சேர்க்கலாம் என்று கேட்கிறீர்கள். எதையும் சேர்க்க வேண்டாம். இவ்வளவு நீண்ட பட்டியலில் மாய்ஸ்சரைசரும் இல்லை, சன்ஸ்கிரீனும் இல்லை.

தோலின் மேல்பரப்பில் இருக்கும் இறந்த செல்களுக்கு நடுவே செராமைடு என்ற கொழுப்புப் பொருள், கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் நிரம்பியிருக்கும். உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமலும் எரிச்சலூட்டும் பொருள் உள்ளே நுழையாமலும் தடுப்பது இந்த அடுக்குதான். ஸ்க்ரப், சாலிசிலிக் ஆசிட், ரெட்டினால் எல்லாவற்றையும் தினமும் போட்டால் இது அரித்துப்போகும். அதன்பின் சாதாரண க்ரீம்கூட எரியும். எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில்தான் தோல் இன்னும் கெடுகிறது.

ஆகவே மூன்று நான்கு வாரத்துக்கு மென்மையான ஃபேஸ் வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் மூன்று மட்டும் போதும், மற்றதை நிறுத்திவிடுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: நீங்கள் போடும் க்ரீம் எதிலாவது பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. நிறம் கூட்டும் க்ரீம் என்ற பெயரில் இவை கைமாறுவது உண்டு. மாதக்கணக்கில் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் முகம் சிவந்து, எரிந்து, பரு கொப்பளிக்கும். அந்த டியூபோடு தோல் மருத்துவரைப் பாருங்கள். எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார்.

முகம் கழுவுவதில் பெரிய வித்தை இல்லை. வெதுவெதுப்பான நீர், விரல் நுனி, அரை நிமிடம். சோப்புக் கட்டி வேண்டாம், அதன் பி.ஹெச். (அமில-கார அளவு) பெரும்பாலும் 9-10, நம் தோலுடையது 5-ஐ ஒட்டி. கழுவித் துடைத்துப் பத்து நிமிடம் எதுவும் போடாமல் இருந்து பாருங்கள். வாயோரமும் கன்னமும் இழுத்துப் பிடித்தால் அந்த ஃபேஸ் வாஷ் உங்களுக்குக் கடுமையானது. வறண்ட சருமம் என்றால் காலையில் வெறும் தண்ணீர் போதும். இரவில் கட்டாயம் கழுவ வேண்டும். ஸ்க்ரப்பைத் திரும்ப எடுக்கவே வேண்டாம், பரு உள்ள முகத்துக்கு அதனால் ஒரு நன்மையும் கிடையாது.

துடைத்ததும் தோல் ஈரமாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் போடுங்கள். கிளிசரின், செராமைடு உள்ளது நல்லது. எண்ணெய் வழியும் முகத்துக்கும் இது வேண்டும். கனமான க்ரீமுக்குப் பதில் ஜெல் வாங்கிக்கொள்ளுங்கள்.

சன்ஸ்கிரீன் விஷயத்தில் நிறையப் பேர் கோட்டை விடுவது அளவில். டியூபில் எஸ்.பி.எஃப். 50 என்று இருந்தால், ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் தடவிச் சோதித்ததில் கிடைத்த எண் அது. பெரும்பாலானவர்கள் போடுவது அதில் பாதிகூட இருக்காது. பாதுகாப்பும் அதற்கேற்பக் குறைந்துவிடும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக வரும். ஒரே தடவையில் திட்டுத் திட்டாக நின்றால் ஒவ்வொரு விரல் அளவாக இரண்டு முறை போடுங்கள். தினம் ஒரு முறை இந்த அளவில் போட்டால் 50 கிராம் டியூப் சுமார் 40 நாளில் தீர வேண்டும். நாலு மாதம் வருகிறதென்றால் நீங்கள் போடுவது போதவில்லை.

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரில் யு.வி.ஏ., யு.வி.பி. என்று இரண்டு வகை நம் தோலைத் தொடும். எஸ்.பி.எஃப். என்பது முக்கியமாக யு.வி.பி. கதிருக்கான அளவு. கருமையையும் சுருக்கத்தையும் கூட்டும் யு.வி.ஏ. ஜன்னல் கண்ணாடியைத் தாண்டியும் வரும், அதனால் இரண்டையும் தடுக்கும் என்று குறிப்பிட்டதாகப் பார்த்து வாங்குங்கள். வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். மங்கு (முகத்தில் திட்டாகப் படரும் கருமை) உள்ளவர்களுக்கு அயர்ன் ஆக்ஸைடு கலந்த, லேசான தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீன்தான் சிறந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும், அதைச் சாதாரண சன்ஸ்கிரீன் சரியாகத் தடுப்பதில்லை.

எரிச்சல் முழுவதும் அடங்கிய பிறகு மருந்துப் பொருள் ஒன்றே ஒன்று. பருவுக்கு என் தேர்வு ரெட்டினாலின் உறவான அடாபலீன் 0.1 சதவீதம். கர்ப்பமாக இருந்தாலோ அதற்குத் திட்டமிட்டாலோ அடாபலீனும் வேண்டாம், ரெட்டினாலும் வேண்டாம்; அசெலிக் ஆசிட் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பரு போனபின் நிற்கும் கரும்புள்ளிக்கும் அசெலிக் உதவும். சீழ் வைத்த பரு அதிகமென்றால் பென்சாயில் பெராக்ஸைடு 2.5 சதவீதமே போதும். 10 சதவீதத்தில் பலன் பெரிதாகக் கூடாது, எரிச்சல்தான் கூடும். அது தலையணை உறையையும் துண்டையும் வெளுக்கச் செய்யும், வெள்ளைத் துணி பயன்படுத்துங்கள்.

அடாபலீனை முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு எடுங்கள். பருவின் மேல் மட்டும் வைப்பது தவறு. அடுத்த பரு உருவாகாமல் தடுப்பதுதான் அதன் வேலை. முகம் நன்றாக உலர்ந்தபின் நெற்றி, இரு கன்னம், மூக்கு, தாடை என ஐந்து புள்ளி வைத்துப் பரப்புங்கள். மூக்கு மடிப்பு, வாயோரம், கண்ணோரம் ஆகிய இடங்களில்தான் முதலில் தோல் உரியும். அங்கே முன்கூட்டியே கொஞ்சம் வாஸ்லைன் தடவிவிடுங்கள். மேலே மாய்ஸ்சரைசர். முதல் இரண்டு வாரம் மூன்று நாளைக்கு ஒருமுறை, தாங்கினால் ஒன்றுவிட்டு ஒரு நாள், பிறகு தினமும். அந்த இரவில் வேறு ஆசிட் கூடாது.

ஆரம்பத்தில் வழக்கமாகப் பரு வரும் இடங்களில் கொஞ்சம் கூடி, சில வாரங்களில் தணியலாம். இதுவரை பருவே வராத இடத்தில் சிவந்து அரித்தால் ஒவ்வாமையோ எரிச்சலோ, நிறுத்திவிடுங்கள். நெற்றியில் ஒரே அளவில் பொரிப்பொரியாக, அரிப்போடு இருந்தால் அது ஈஸ்ட் தொற்றாக இருக்கலாம். பரு மருந்துக்கு அது அடங்காது. முடியோரத்தில் மட்டும் வருகிறதா? தலைக்குத் தடவும் எண்ணெயைச் சந்தேகப்படுங்கள்.

பலனைப் பார்த்து முடிவு செய்ய 12 வாரம் கொடுங்கள். அதற்குள் வேறு எதையும் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் தொட்டால் வலிக்கும் ஆழமான கட்டிகளும், பள்ளமாகத் தழும்பும் விழுந்துகொண்டிருந்தால் இந்த 12 வாரக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. இந்த வாரமே தோல் மருத்துவரிடம் போங்கள். விழுந்த பள்ளத்தை எந்தக் க்ரீமும் நிரப்பாது.