மூன்றாவது முறையும் மடிவீக்கம்: எந்த ஊசி போடுவது?

கேள்வி: உத்தமசோழபுரம் பக்கம் எங்கள் தோட்டம். கலப்பின ஜெர்சி, இரண்டாவது ஈத்து. மூன்று மாதத்தில் ஒரே பின்காம்பில் மூன்றாவது முறையாக மடி வீங்கிப் பால் திரிதிரியாக வருகிறது. மருந்துக்கடையில் கொடுத்த ஊசியை முதல்முறை மூன்று நாள், அடுத்தமுறை வேறு ஊசி இரண்டு நாள் போட்டோம். வடிந்தது. இப்போது கேட்கவில்லை. இதைவிட பவரான ஊசி எது? அந்தப் பாலைக் கன்றுக்கு விடலாமா? மடியை ஆற்றோரக் கிணற்றுத் தண்ணீரில் நன்றாகத்தான் கழுவுகிறோம்.

பதில்: பவரான ஊசி என்று ஒன்று கிடையாது அம்மா. அந்தக் கிருமிக்குக் கேட்கும் ஊசி, கேட்காத ஊசி, அவ்வளவுதான். மருந்தின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்குக் காலையில் கடை வாசலில் நிற்பீர்கள். அடுத்த ஊசிக்கு முன்பே காம்பு நுனியை ஸ்பிரிட்டால் துடைத்து, முதல் பீச்சைத் தள்ளிவிட்டு, சுத்தமான பாட்டிலில் பால் பிடித்து ஐஸில் வையுங்கள். உங்கள் கால்நடை மருத்துவர் மூலம் தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி, கல்ச்சர், அதாவது பாலிலுள்ள கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்க்கும் சோதனை, செய்யச் சொல்லுங்கள். மாட்டுக்குக் காய்ச்சல் இருந்தாலோ, தீவனம் எடுக்காவிட்டாலோ, மடி சில்லிட்டுக் கறுத்தாலோ முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவர் வரவேண்டும்.

கடைக்காரர் மருந்து விற்பவர், மாட்டைப் பார்த்தவர் இல்லை. வீக்கம் வடிந்தால் நோய் போய்விட்டது என்று அவரும் நினைக்கிறார், நீங்களும் ஊசியை நிறுத்துகிறீர்கள். எளிதில் சாகிற கிருமி செத்துப்போய், தாக்குப்பிடித்தது மடிக்குள் தங்கிவிடுகிறது. தாக்குப்பிடிக்கும் அந்த மரபணுவை அது பக்கத்திலுள்ள வேறு இனக் கிருமிக்கும் கொடுக்கும், சாணக் குழியிலும் சாக்கடையிலும்கூட. கடைகளில் மாட்டுக்கென்று விற்கும் செஃப்ட்ரையாக்சோன், பெரியாஸ்பத்திரியில் மனிதர்களுக்கு ஏற்றும் அதே மருந்து. மாட்டில் அதற்கு அடங்காத கிருமி மனிதரிடம் வந்தால் அங்கேயும் கேட்காது. கறவை மாட்டுக்கும் கோழிக்கும் கொலிஸ்டின் கூடாதென்று மத்திய அரசு 2019-இல் தடைபோட்டதும், மனிதர்களுக்குக் கடைசியாகக் கைகொடுக்கும் மருந்து அது என்பதால்தான்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது தண்ணீரைப் பற்றி. திருமணிமுத்தாறு ஏற்காட்டு மலையில் பிறக்கும்போது நல்ல தண்ணீர்தான். சேலத்தைத் தாண்டி உங்களிடம் வரும்போது ஊர்ச் சாக்கடையெல்லாம் அதில்தான். மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளர அதைவிட வசதியான இடம் இல்லை. கரையோரக் கிணற்றை நம்பி மடியில் தண்ணீர் விடாதீர்கள்.

நல்ல தண்ணீராக இருந்தாலும் குடம் குடமாக ஊற்றுவது தப்பு. ஈரமடியில் கறந்தால் மேலேயுள்ள அழுக்கெல்லாம் வழிந்து காம்பு நுனியில் நிற்கும். சேறு இருந்தால் காம்பை மட்டும் கொதிக்கவைத்து ஆறிய நீரில் கழுவி, மாட்டுக்கு ஒரு துணி என்று வைத்து, காய்ந்துபோகும்வரை துடையுங்கள். துணியை தினமும் கொதிநீரில் போட்டு வெயிலில் உலர்த்துங்கள். கறந்து முடித்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்குங்கள். தீவனத்தைக் கறந்த பிறகு வையுங்கள். அரைமணி நேரம் மாடு படுக்காமல் நிற்கும், அதற்குள் காம்புத் துளை மூடிக்கொள்ளும். நோய்ப்பட்ட மாட்டைக் கடைசியில் கறக்க வேண்டும். இதெல்லாம் செய்யாமல் எந்த ஊசியைப் போட்டாலும் நாலாவது முறையும் வீங்கியதென்று கடிதம் எழுதுவீர்கள்.

கன்றுக்கு அந்தப் பால் வேண்டாம். அதன் குடலிலும் அதே கிருமிதான் தேறும். காய்ச்சினாலும் மருந்து முழுக்கப் போகாது. உறை ஊற்றினால் சரியாகத் தோயாது. கடைசி ஊசியிலிருந்து மருத்துவர் சொல்லும் நாள்வரை சங்கத்திலும் ஊற்றாதீர்கள், வாய்க்காலிலும் கொட்டாதீர்கள். கிணற்றுக்குத் தள்ளிக் குழிவெட்டி மூடுங்கள். மூன்று முறையும் ஒரே காம்பு என்பதால், அந்தக் காம்பை மட்டும் வற்றவிடலாம் என்று மருத்துவர் சொன்னாலும் சொல்வார். சம்மதியுங்கள், மூன்று காம்பிலேயே நல்ல பால் கறக்கிற மாடுகள் உண்டு.